முப்பது சனிக்கிழமைகள்

பதினான்கு மணி நேரமாம்! என் மகள் ஜெனிவீவ் ஒரு நாளைக்குச் சராசரியாகப் பதினான்கு மணி நேரம்தான் பிரேஸ் போடுகிறாளாம். ஆஸ்பத்திரியில் பிரேஸைக் கவனிக்கிற அந்தப் பெண் ருக்ஸானா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னபோது எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது.

"யாரு சொன்னா?" என்று கேட்டேன்.

"சென்சார் சொல்லுது, மேடம்."

பிரேஸ் என்றால் பல்லுக்குப் போடும் கம்பி என்று நினைத்துவிடாதீர்கள். அக்குளுக்குக் கீழே தொடங்கி இடுப்பெலும்பு வரைக்கும் உடம்பை இறுக்கிப் பிடிக்கிற கெட்டிப் பிளாஸ்டிக் கூடு. முதுகுப் பக்கம் மூன்று பட்டைகள், எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கு ஒவ்வொன்றிலும் ஒரு கோடு. ஜெனிவீவுக்குப் பதின்மூன்று வயது. அவள் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிறது. ஸ்கோலியோசிஸ் என்று பெயர். போன ஜூலையில் இருபத்தேழு டிகிரி இருந்தது. இவள் வளர்ந்து முடிய இன்னும் ஒன்றரை, இரண்டு வருஷம் இருக்கிறது, அதுவரை தினமும் பதினெட்டு மணி நேரம் இதைப் போட்டால் வளைவு அங்கேயே நிற்க வாய்ப்பு உண்டு என்றார் டாக்டர். நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டால் முதுகைத் திறந்து கம்பி வைக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

இப்போது பிப்ரவரி. புது எக்ஸ்ரேயில் முப்பத்து மூன்று. ஏழு மாதத்தில் ஆறு டிகிரி ஏறியிருக்கிறது. அதற்குக் காரணம் என் மகள் ஏமாற்றுவதுதான் என்று சொல்லாமல் சொல்கிறாள் ருக்ஸானா, பிரேஸுக்குள் சட்டைப் பொத்தான் அளவுக்கு இருக்கிற ஒரு சென்சாரை நம்பிக்கொண்டு!

"அது உடம்புச் சூட்டை வச்சுக் கணக்கெடுக்குது, மேடம். பிரேஸ் உடம்புல இருந்தா அதுக்குத் தெரியும், கழட்டி வச்சாலும் தெரியும்."

"மிஷினைப் பத்தி எனக்குச் சொல்லாதீங்க. நான் பஸ் கேப்டன். பன்னிரண்டு வருஷமா ஈசூன்ல பஸ் ஓட்டுறேன். எங்க பஸ்லயும் ஒரு மிஷின் இருக்கு. ஒரு நாள் பூனை குறுக்கே ஓடுச்சு, பிரேக் அடிச்சேன். மறுநாள் சூப்பர்வைசர் கூப்பிட்டு, 'ரூபி, நேத்து மூணு பதினேழுக்கு ஏன் அவ்வளவு வேகமா பிரேக் அடிச்சே'ன்னு கேக்குறார். மிஷினுக்குப் பூனை தெரியுமா?"

ருக்ஸானா சிரிக்கவில்லை. நல்ல பெண்தான், கோபப்படவும் இல்லை. "தினமும் போடுறாங்களா, மேடம்?" என்று மட்டும் கேட்டாள்.

"தினமும்."

"ஒரு நாள் விடாம?"

"ஒரு நாள் விடாம! மாதா மேல சத்தியமா சொல்றேன். ட்யூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி நானே பட்டையை இழுத்து மாட்டிவிட்டுட்டுத்தான் போறேன். உங்க மிஷின் கெட்டுப்போச்சு. அதை முதல்ல பாருங்க."

ஜெனிவீவ் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தன் ஸ்கூல் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேசாமல் இருந்ததே எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. பொய் சொல்லியிருந்தாலாவது கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம்.

எம்ஆர்டி ரயிலில் திரும்பும்போது கேட்டேன். "ஸ்கூல் டாய்லெட்ல கழட்டி வைக்கிறியா?"

"இல்ல, மா."

"யாராவது கிண்டல் பண்றாங்களா? பேரைச் சொல்லு. நான் வந்து பேசுறேன்."

"யாரும் பண்ணல லா, மா. ப்ளீஸ், எல்லாரும் பாக்குறாங்க."

பார்க்கட்டுமே! ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். எனக்குள் முடிவாகிவிட்டது. வீட்டில் நான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறேன். அப்படியானால் தப்பு நடப்பது பள்ளிக்கூடத்தில்தான்.

எனக்கு ஆஃப் டே வியாழக்கிழமை. காலையிலேயே போய்ப் பள்ளி ஆபீசில் நின்றேன். வகுப்பாசிரியை உமாமகேஸ்வரி வந்தார். தமிழும் அவர்தான் எடுக்கிறார். "உங்க பள்ளியில என் பிள்ளையோட பிரேஸைக் கழட்ட விடுறது யாரு?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டேன். உட்காரக்கூட இல்லை.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஜெனிவீவா? பி.இ. உடற்பயிற்சி நேரத்துக்கு மட்டும்தான் கழட்டுவா, மேடம். முடிஞ்ச உடனே ரெண்டு ஃபிரெண்ட்ஸ் கூடப் போய் மாட்டிவிட்டுடுவாங்க. எந்தக் கோடு வரைக்கும் இழுக்கணும்னு அந்தப் பிள்ளைங்களுக்கே தெரியும். ஒரு நாள் அவங்க மறந்துட்டாங்கன்னு கிளாஸ் நடுவுல எழுந்து, மாட்டிட்டு வரப் பெர்மிஷன் கேட்டா."

"கிளாஸ் நடுவுலயா? எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியாம எப்படி? வாய்மொழிப் பயிற்சிக்கு இதைப் பத்தித்தானே பேசினா. 'என் பிளாஸ்டிக் சட்டை'ன்னு தலைப்பு. அழகாப் பேசினா, மேடம். கடைசியில எல்லாரும் வரிசையா வந்து தட்டிப் பார்த்தாங்க. ஒரே சிரிப்பு."

நான் வந்தது ஒன்றுக்கு, கோபம் வந்தது வேறொன்றுக்கு. தட்டிப் பார்த்தார்களா! என் மகளின் முதுகில் இருக்கிற கோளாறை வகுப்பு முழுக்கத் தட்டிப் பார்த்துச் சிரித்தார்களா! நான் ஏழு மாதமாக ஒரு ஈ காக்கைக்குத் தெரியாமல் காப்பாற்றி வைத்திருக்கிற விஷயத்தை இவள் வகுப்பு முன்னால் நின்று தலைப்பு போட்டுப் பேசியிருக்கிறாள். ஆசிரியையிடம் நன்றி சொன்னேனா, முறைத்துவிட்டு வந்தேனா என்றுகூட நினைவில்லை.

காப்பாற்றி வைத்தேன் என்றேன் அல்லவா, அது யாரிடமிருந்து என்று சொல்லிவிடுகிறேன். வெரோனிகா அண்ணியிடமிருந்து. என் கணவர் சூசைநாதனின் அக்கா. தெம்பனிசில் இருக்கிறார். மனசு தங்கம், வாய்க்குத்தான் பூட்டு கிடையாது. அவர் வீட்டுக்கு அடுத்த வீட்டு மார்வினுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தபோது, அது எத்தனை மில்லிமீட்டர் என்பது தமிழ்ப் பூசைக்கு வருகிற அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. பூசை முடிந்து கோயில் கேண்டீனில் காப்பி குடிக்கிற பத்து நிமிஷம் போதும். இன்றைக்குப் பதின்மூன்று வயதுப் பிள்ளை, நாளைக்கு இருபத்தைந்து ஆகும். யாராவது பெண் கேட்டு வரும்போது, "அந்தப் பொண்ணுக்கு முதுகுல ஏதோ..." என்று ஒருத்தி இழுத்தால் போதுமே! இதையெல்லாம் நினைப்பது பட்டிக்காட்டுத்தனம் என்பீர்கள். நினைத்தேன். மறைக்கவில்லை.

பள்ளியில் தப்பில்லை என்றால் மிஷினில்தான் தப்பு. பள்ளியிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்பாயின்ட்மென்ட் இல்லை என்றார்கள். அவளைப் பார்க்காமல் திரும்பப்போவதில்லை என்றேன். முக்கால் மணி நேரம் கழித்து ருக்ஸானா வந்தாள்.

"சராசரி எனக்கு வேண்டாம். எங்க டிப்போவுல சராசரி பேசினா யாரும் ஒத்துக்க மாட்டோம். நாள் வாரியா, மணி வாரியா எடுத்துக் குடுங்க. எது தப்புன்னு நான் காட்டுறேன்."

எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு வாரமும் ஒரு வரிசை. ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம். போட்டிருந்த நேரம் நீலம், போடாத நேரம் வெள்ளை. ட்யூட்டி ரோஸ்டர் படித்துப் பழகிய கண்ணுக்கு இது ஒரு பெரிய விஷயமா? திங்கள், நீலம். செவ்வாய், நீலம். வெள்ளிக்கிழமை வரைக்கும் பதினெட்டு மணி நேரம் அப்படியே இருந்தது, சில நாள் பத்தொன்பதுகூட.

சனிக்கிழமை மத்தியானம் வெள்ளை. சனி ராத்திரி வெள்ளை. ஞாயிறு முழுக்க வெள்ளை, ராத்திரி பத்து மணி வரைக்கும். அடுத்த வாரமும் அப்படித்தான், அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். டிசம்பர் லீவில் அண்ணி வீட்டில் விட்டிருந்த ஆறு நாளும் ஒரு பொட்டு நீலம் இல்லை.

மறுபடி முதல் வரிசையிலிருந்து விரல் வைத்துப் பார்த்தேன்.

சனி, ஞாயிறு எனக்கு ட்யூட்டி. கணவருக்குத் துவாசில் கப்பல் பட்டறையில் ஓவர்டைம். அதனால் சனிக்கிழமை மத்தியானம் ஜெனிவீவ் தெம்பனிஸ் போய்விடுவாள். அங்கேயே தூங்கி, ஞாயிறு அத்தையோடு பூசைக்குப் போய், ராத்திரி திரும்புவாள். பிரேஸ் ஈசூனில் அலமாரிக்குள் பெட்ஷீட்டில் சுற்றி இருக்கும். சுற்றி வைத்தது நான். முதல் வாரம் அவள் கேட்டாள், "அத்தை வீட்டுக்குப் போட்டுட்டுப் போகவா, மா?" என்று. "வேண்டாம். வாரத்துல ஒரு நாள்தானே. எனக்குக்கூட ஆஃப் டே இருக்கு, உன் முதுகுக்கு இருக்கக் கூடாதா?" என்றேன். சொன்னபோது அது எனக்கு நியாயமாகவே பட்டது. சத்தியம் செய்தபோதுகூட நான் பொய் சொல்லவில்லை. எந்த பஸ் கேப்டனைக் கேட்டாலும் தினமும் வண்டி எடுக்கிறேன் என்றுதான் சொல்வார். ஆஃப் டேயை யார் கணக்கில் சேர்க்கிறார்கள்?

முதுகெலும்பு சேர்த்திருக்கிறது. அதற்கு ஆஃப் டே கிடையாது. வளர்கிற பிள்ளை சனி ஞாயிறும் வளர்கிறாள்.

"இந்த வெள்ளைக் கட்டமெல்லாம் என்னன்னு தெரியுதா, மேடம்?" ருக்ஸானா மெதுவாகக் கேட்டாள்.

"ஏன் முதல்லயே ஒரு நாள்கூட லீவு கிடையாதுன்னு சொல்லல?" என்று அவள் மேல் பாய்ந்தேன். வேறு யார் மேல் பாய்வது? அவள் ஜூலையில் கொடுத்த தாளை எடுத்துக் காட்டினாள். தமிழிலும் இருந்தது. வாரத்தில் ஏழு நாளும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. கீழே கையெழுத்து என்னுடையது.

வீட்டில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க பஸ் ஓட்டினேன். முப்பது சனிக்கிழமை, முப்பது சனிக்கிழமை என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே ஓட்டினேன். யார்மேல் கோபம் என்று தெரியாத கோபம் மாதிரிக் கொடுமை வேறில்லை. பெல் அடித்துவிட்டு இறங்காத ஒரு மனிதரிடம் தேவையில்லாமல் கத்தினேன், பாவம்.

சனிக்கிழமை விடிந்தது. அண்ணியின் மகன் வேய்னுக்கு ஜூன் மாதம் கல்யாணம். ஜெனிவீவ் ஒரு பிரைட்ஸ்மெய்ட், மணப்பெண்ணின் தோழிகளில் ஒருத்தி. கவுன் தைக்க லிட்டில் இந்தியாவில் மஜீது பாய் கடையில் பத்தரை மணிக்கு அளவு கொடுக்க வேண்டும், அண்ணியும் வருவார். அங்கிருந்தே பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்விடுவார், நான் மத்தியான ட்யூட்டிக்குத் திரும்ப வேண்டும் என்று ஏற்பாடு.

காப்பி கலந்து வைத்துவிட்டு அவள் அறைக் கதவைத் தள்ளினேன். பிரேஸைக் கழற்றிக் கட்டிலில் வைத்துப் பெட்ஷீட்டில் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் சொல்லவே இல்லை. முனைகளை உள்ளே மடித்து, பிளாஸ்டிக் வெளியே தெரியாமல், நான் சுற்றுகிற மாதிரியே சுற்றினாள்.

"என்ன பண்றே?"

"சனிக்கிழமை, மா."

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில ஏண்டி சொல்லல? எங்க அம்மாதான் சனி ஞாயிறு கழட்டச் சொல்றாங்கன்னு ஏன் சொல்லல?"

"நீங்க அவங்களைத் திட்டிட்டு இருந்தீங்க. நடுவுல எப்படிச் சொல்றது?" பெட்ஷீட்டைத் தடவிக்கொண்டே சொன்னாள். "அப்புறம் சொன்னா, அவங்க உங்களைத் திட்டுவாங்க."

"உனக்கு வெக்கமா இருக்கா, இதைப் போட்டுக்க?"

"எனக்கு ஒண்ணும் இல்ல லா. நீங்கதான்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாள். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, ஆனால் கத்த ஆள் இல்லை. பெட்ஷீட்டை உருவித் தரையில் எறிந்தேன். "திரும்பு. கையைத் தூக்கு" என்றேன். பட்டையைக் கோடு வரைக்கும் இழுத்து மாட்டினேன்.

மஜீது பாய் கடை பஃப்ளோ ரோட்டுப் பக்கம் ஒரு மாடியில். கீழே பூக்கட்டுகிறவர்கள், மேலே நான்கு தையல் மிஷின். அண்ணி முன்னாலேயே வந்து பீச் நிறத் துணியை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வாடா செல்லம்" என்று ஜெனிவீவைக் கட்டிப் பிடித்தவர், ஒரு நொடியில் கையை எடுத்துவிட்டார்.

"என்ன இது? ரூபி, என்ன இது கல்லு மாதிரி?"

"முதுகெலும்பு வளையுது, அண்ணி. அதுக்கு பிரேஸ்."

"மாதாவே!" கையை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு கடையில் இருந்த மற்ற இரண்டு பெண்களைப் பார்த்தார். அந்தப் பார்வை ஒன்று போதும் எனக்கு, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மஜீது பாய் இஞ்ச் டேப்போடு வந்தார். "அளவு இதுக்கு மேலயாம்மா, இல்ல கழட்டிட்டா?"

"கழட்டிட்டு எடுங்க பாய்" என்றார் அண்ணி, நான் வாய் திறப்பதற்குள். "ஆறு பொண்ணுங்களும் ஒரே மாதிரி நிக்கணும், போட்டோ வீடியோ எல்லாம் இருக்கு. கல்யாணத்துக்கு ஒரு நாள்தானே, ரூபி. ஒரு நாள் கழட்டினா என்ன ஆயிடப்போகுது?"

ஒரு நாள்தானே! என் வார்த்தை. என் குரலில் நான் சொன்ன அதே வார்த்தை இன்னொருத்தர் வாயிலிருந்து வந்து என் முகத்தில் அறைந்தது.

"அந்த ஒரு நாளை நான் குடுத்து முடிச்சாச்சு, அண்ணி!" மிஷின் சத்தம் நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை. "ஒரு தடவை இல்ல, முப்பது தடவை! ஒரு நாள்தானே, ஒரு நாள்தானேன்னு முப்பது சனிக்கிழமை கழட்டி அலமாரியில வச்சேன். ஆறு டிகிரி ஏறிடுச்சு. இன்னும் பன்னிரண்டு ஏறினா முதுகைக் கிழிச்சுக் கம்பி வைப்பாங்க. உங்க போட்டோவுக்கு அந்தத் தழும்பு நல்லா இருக்குமா? யாருக்காக ஒரு நாள்? யார் கண்ணுக்காக? பாக்குறவங்க பாத்துட்டுப் போகட்டும்!"

அண்ணி மெதுவாகக் கேட்டார்.

"சனிக்கிழமையா? எங்க வீட்டுக்கு வர்ற சனிக்கிழமையா?"

தலையை ஆட்டினேன்.

"முப்பது வாரமா எம் பக்கத்துல படுத்துத் தூங்கியிருக்கா. எனக்குத் தெரியக் கூடாதுன்னா கழட்டி வச்சே?" அண்ணியின் முகம் சிவந்துவிட்டது. "எனக்கு வாய் ஜாஸ்திதான், ரூபி. மார்வின் கல்லைப் பத்தி ஊரெல்லாம் சொன்னேன்தான். அதுக்காக? எந் தம்பி பொண்ணு முதுகு கெட்டுப்போனாலும் பரவாயில்ல, வெரோனிகாவுக்குத் தெரியக் கூடாது, அப்படித்தானே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சுப் பட்டையைப் பார்த்திருப்பேனே! என்னை என்ன பேய்னு நினைச்சியா?"

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெனிவீவ் பக்கம் திரும்பி, "இங்க வா. எந்தக் கோடு வரைக்கும் இழுக்கணும், அத்தைக்குக் காட்டு" என்றார். அவள் சட்டையை லேசாகத் தூக்கிப் பட்டையைக் காட்டினாள். அந்த இரண்டு பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். அவள் கண்டுகொள்ளவே இல்லை.

மஜீது பாய் கனைத்தார். "அப்ப மேல வச்சே எடுக்குறேன்." கையைத் தூக்கச் சொல்லி, பிளாஸ்டிக்கின் மேலே டேப்பைச் சுற்றி, நோட்டில் எழுதினார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"ஜூன்லதானே கல்யாணம்? வளர்ற பிள்ளை. உள்ள ஒரு இஞ்ச் துணி விடவா?"

நான் இரண்டு விரலைக் காட்டினேன். ஜெனிவீவ்தான் சொன்னாள், "ரெண்டு இஞ்ச், பாய். சனிக்கிழமையும் வளர்றேன் நான்."